எவ்வளவு இட்லி?

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றொரு வதந்தி எங்கள் வீட்டில் பதினாறு வருடமாக நடமாடிக்கொண்டிருந்தது. கிளப்பிவிட்டவன் நானல்ல, மறுக்காமல் இருந்தது மட்டும்தான் என் பங்கு. பெண் பார்க்கப் போன அன்று மாமனார் நீட்டிய ஆங்கில தினசரியை வாங்கி, காபி வரும்வரை அதற்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். வெட்கம். அதை அவர் வாசிப்பு என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பேங்க் படிவம், மிக்ஸி வாரண்டி, இன்ஷூரன்ஸ் தாள் எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். ஐந்து நிமிடம் புருவத்தைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "வழக்கமாப் போடறதுதான், உள்ள வை" என்பேன். இதை வைத்தே ஒரு மனிதன் அறுபது வயதைத் தொட்டுவிடலாம், வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண் இல்லாமலிருந்தால்.

போன ஜூலையில் ஒரு ராத்திரி, டிவி முன்னால் சாய்ந்து கிடந்தேன். நோட்டுடன் வந்து நின்றாள்.

"மச்சாப்பா, மெனியாப்பா?"

"அப்பாவை மச்சான்னெல்லாம் கூப்பிடக் கூடாது."

"ஐயோ, அது இல்லப்பா. ஹவ் மச்சா, ஹவ் மெனியான்னு கேட்டிருக்காங்க. பத்துக் கேள்வி."

டிவியை அணைத்தேன். "இதுக்குப் போயா? எண்ண முடிஞ்சா மெனி. எண்ண முடியாட்டி மச். இங்கிலீஷ் அவ்வளவுதான்." சொல்லி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அத்தோடு எழுந்து போயிருக்கலாம்.

முதல் கேள்வி பணம். "எண்ண முடியுமாப்பா?" என்றாள். "என்னம்மா கேள்வி? பேங்க்ல மெஷின் வச்சே எண்றாங்க." மெனி மணி என்று எழுதினாள். மோனையோடு காதுக்கும் இதமாக இருந்தது. அடுத்து ஃபர்னிச்சர். எழுந்துபோய் எண்ணினோம். ஒரு கட்டில், ஒரு பீரோ, மூன்று நாற்காலி. அதில் ஒன்று உட்காருவதற்கல்ல, துணி போடுவதற்கு. ஆக ஐந்து. மெனி. லக்கேஜ்? பரண்மேல் ரெண்டு பெட்டி கண்ணெதிரே தெரிகிறது. மெனி. ஹோம்வொர்க்? "மேத்ஸ், சயின்ஸ், இது. மூணு." மெனி. சோப்பும் மெனி, பூண்டும் மெனி. ஹேர் என்ற சொல் வந்ததும் நோட்டிலிருந்து கண்ணை எடுத்து என் தலையைப் பார்த்தாள். "உனக்குன்னா எண்ணிரலாம்பா" என்று அவளாகவே மெனி போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் நோட்டு வந்தது. பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது அவளே எழுதியவை. கீழே சிவப்பு மையில் ஒரு கேள்வி: வீட்டில் யார் சொல்லிக்கொடுத்தது?

ஒரு தகப்பன் இதற்குச் சும்மா இருக்கலாமா? டைரியில் பதில் எழுதினேன். 'ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ் அபௌட் தி ஹோம்வொர்க்ஸ். கைண்ட்லி கிவ் மீ லிட்டில் டைம் அண்ட் அட்வைசஸ்.' எனக்குச் சில சந்தேகம் இருக்கிறது, கொஞ்சம் நேரம் ஒதுக்கி ஆலோசனை சொல்லுங்கள் என்று பணிவாகத்தான் கேட்டேன். கையெழுத்தைக்கூட லேசாகச் சாய்த்துப் போட்டேன்.

டீச்சரின் பதிலைத் தமிழில் சொல்கிறேன். சந்தேகம் அநேகமாக ஏதுமில்லை என்றறிந்து மகிழ்ச்சி. கேட்டபடியே சொற்ப நேரம் ஒதுக்கியிருக்கிறேன். சனிக்கிழமை 10.40-க்கு வரவும். 10.42-க்கு எனக்கு வகுப்பு.

மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை மாமனார் படித்தார். அந்த வாரம் அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஆபீஸில் முப்பத்தெட்டு வருடம் 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' என்று எழுதியே ரிட்டயர் ஆனவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் சிரிப்பது அப்படித்தான்.

"மாப்ளே, ஒரு 'எ'வை முழுங்கிட்டீங்களே!"

சிலர் ஊருக்குப் போகும்போது சாமி படம் எடுத்துப் போவார்கள். இவர் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை எடுத்து வருவார். அட்டை போய், காலண்டர் தாளில் அட்டை போட்டு, அதுவும் போய், இப்போது மாவுப் பையில் சுற்றியிருக்கிறார். நம்மூரில் மூன்று தலைமுறையை மிரட்டிய அந்த ரென், பம்பாய்ப் பக்கம் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்று ஒரு சாகச நாவலும் எழுதினார். பாலைவனக் கோட்டையில் செத்துப்போன வீரர்களைச் சுவரோரம் நிமிர்த்தி, காவல் நிற்பதுபோல வைத்திருப்பார்கள் அதில். இலக்கணப் புத்தகத்தை மாமனார் திறந்தவுடன் நான் நிற்கும் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

விஷயம் இவ்வளவுதான். வெறும் ஃபியூ என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டியது. எ ஃபியூ என்றால் சில. எண்ண முடியாத சரக்கு என்றால் ஃபியூவின் இடத்தில் லிட்டில் வந்து உட்காரும். அங்கேயும் இதே 'எ' தகராறு.

"புரியலையா? என் பையன் வந்து உங்ககிட்ட கடன் கேக்கறான்னு வைங்க. 'கொஞ்சம் பணம் இருக்கு'ன்னா என்ன அர்த்தம்?"

"குடுத்துத் தொலைக்கப் போறேன்னு அர்த்தம் மாமா."

"'கொஞ்சந்தான் இருக்கு'ன்னா?"

"வேற இடம் பாருன்னு அர்த்தம்."

"முதல்ல சொன்னது எ லிட்டில். ரெண்டாவது வெறும் லிட்டில். இனி அவன் வந்து கேட்டா எதைச் சொல்லணும்?"

"மார்ச்லயே எ லிட்டில் சொல்லிட்டேன் மாமா. பதினஞ்சாயிரம்."

புத்தகத்தை மாவுப் பைக்குள் வைத்துவிட்டார்.

ஆனால் அவர் சொன்னது மண்டையில் ஏறிவிட்டது. நாம் 'தான்' சேர்த்தால், ஓர் ஏகாரம் சேர்த்தால், அளவு சுருங்குகிறது. சிலர் வந்தார்கள் என்றால் பந்தி நடந்தது. சிலரே வந்தார்கள் என்றால் பாயசம் மீந்தது. இங்கிலீஷ்காரன் இதைத் தலைகீழாகச் செய்கிறான். ஒட்டிச் சுருக்காமல் உரித்துச் சுருக்குகிறான். எனக்கு உரிக்கப்பட்டது நூற்றிருபது விநாடியாகச் சுருங்கிய ஒரு சனிக்கிழமை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது என் மனைவி தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "எத்தனைன்னு வந்தா மெனி. எவ்வளவுன்னு வந்தா மச். இதுக்கா அப்பாவும் நீங்களும் ஒரு மணி நேரம்?"

எத்தனை மாடு, எவ்வளவு பால். எத்தனை வெங்காயம், எவ்வளவு உப்பு. எல்லாம் பொருந்தி வந்தது. "அப்ப பணம்?" என்றாள் மகள். "எவ்வளவு பணம்னுதானே கேப்ப? மச். எண்றது பணத்தை இல்லடி, ரூபாயை. எத்தனை ரூபா? மெனி." ஒரே வரியில் என் பேங்க் மெஷின் உடைந்தது. பூண்டு? "எவ்வளவு பூண்டு. எண்ணணும்னா பல்லைத்தான் எண்ணணும். எத்தனை பல்?" ஆங்கிலத்திலும் அப்படியேதான், வெங்காயத்தை எண்ணுவான், பூண்டை எண்ண மாட்டான், பல்லுக்குத் தனிச் சொல் வைத்து அதை எண்ணுவான்.

யோசித்தால் நமக்கு இது பழைய வித்தை. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவையை நாலாக வகுத்து வைத்துவிட்டுப் போனார்கள். என் பாட்டி தேங்காயை எண்ணி வாங்குவாள், புளியை நிறுத்து, எண்ணெயை முகந்து, பூவை முழம்போட்டு. முழம் போடுகிறவளின் கை குட்டை என்று சண்டையும் போடுவாள். இங்கிலீஷில் முதலாவதற்கு மெனி. மிச்ச மூன்றையும் ஒரே மச்சுக்குள் திணித்துவிட்டார்கள். நாலு கதவு வைத்த வீட்டில் பிறந்துவிட்டு, இரண்டு கதவு வீட்டில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மனைவியின் சூத்திரம் அடுக்களை வரைக்கும்தான் பாதுகாப்பு என்று நினைத்தேன். அடுக்களையிலேயே ஓட்டை இருந்தது. அரிசி அவர்களுக்கு எண்ண முடியாதது, சரி. பருப்பு? லென்டில்ஸ் என்று பன்மையில் எண்ணுகிறார்கள். அரிசியைவிடப் பருப்பு ஒன்றும் பூசணிக்காய் அளவு இல்லை. கோதுமை ஒருமை, ஓட்ஸ் பன்மை. சர்க்கரைக்காக டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த ஓட்ஸைக் காலையில் விழுங்கும்போது அது பன்மைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு வாயும் தனித்தனியாகத் தெரிகிறது. சோப்பில் நான் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறேன். கடையில் "ரெண்டு சோப்பு குடுங்க" என்றால் கடைக்காரருக்குப் புரிகிறது, எனக்குப் புரிகிறது, சோப்புக்கே புரிகிறது. இங்கிலீஷில் மட்டும் 'டூ பார்ஸ் ஆஃப் சோப்' என்று பாளம் பாளமாகக் கேட்க வேண்டும்.

இந்த வரிசையில் ஒன்றே ஒன்றை மட்டும் தமிழன் பிசகாமல் கற்றுக்கொண்டிருக்கிறான். சாக்பீஸ். ஆங்கிலத்தில் சாக் எண்ண முடியாதது. ஒன்று வேண்டுமென்றால் 'எ பீஸ் ஆஃப் சாக்' என்க வேண்டும். நாம் அந்த பீஸைக் கழற்றவே இல்லை. "டீச்சர் ரெண்டு சாக்பீஸ் வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று ஆபீஸ் ரூமுக்கு ஓடிய ஒவ்வொரு பிள்ளையும் அன்கவுண்டபிள் நௌனை முறையாகக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறது. நானும் ஓடியிருக்கிறேன். என் ஆங்கிலப் புலமையின் உச்சம் அந்த ஓட்டம்தான்.

அவமானத்துக்குப் பிறகுதான் மனிதன் படிக்கத் தொடங்குகிறான். ராத்திரி எல்லோரும் தூங்கியபின் போனை வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரனும் எங்காவது சறுக்கியிருப்பானா என்று தேடினேன். சறுக்கியிருக்கிறான். என் மனைவி உரித்த அதே பட்டாணியில். பழைய இங்கிலீஷில் 'பீஸ்' என்பதே பட்டாணிக்குப் பெயர், அரிசி மாதிரி மொத்தச் சரக்கு. கடைசியில் ஸ் என்று கேட்கிறதே, இது பன்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஜனங்கள் தாங்களாகவே முடிவுகட்டி, 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஸ்-ஐ உரித்தெடுத்துவிட்டு 'பீ' என்று ஓர் ஒற்றைப் பட்டாணியை உண்டாக்கிவிட்டார்கள். ஒரு ஊரே சேர்ந்து தப்புப் பண்ணினால் அகராதி. நான் தனியாகப் பண்ணினால் பத்துக்கு இரண்டு.

லெஸ், ஃபியூயர் கதை இன்னும் மோசம். எண்ணக்கூடியதற்கு லெஸ் போடாதே, ஃபியூயர் போடு என்பது சட்டம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் எழுத்திலேயே எண்ணக்கூடியதற்கு லெஸ் வருகிறது. அதன்பின் ராபர்ட் பேக்கர் என்பவர், ஃபியூயர் போட்டால் நன்றாயிருக்கும் என்று தனக்குப் பட்டதாக 1770-ல் எழுதினார். பட்டது, அவ்வளவுதான். அது மெல்ல மெல்ல வாத்தியார்கள் கையில் பிரம்பாகிவிட்டது. பிரிட்டனில் டெஸ்கோ கடைகளில், கொஞ்சமாகச் சாமான் வாங்குகிறவர்களின் வரிசைக்கு மேல் 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்று எழுதியிருந்ததற்கு, ஃபியூயர் அல்லவா என்று ஓயாத முணுமுணுப்பு. 2008-ல் அவர்கள் லெஸ்ஸும் வேண்டாம் ஃபியூயரும் வேண்டாம் என்று 'அப் டு டென் ஐட்டம்ஸ்' போட்டு நழுவினார்கள். வீட்டுக்காரன் எவனுக்கும் இந்த உபாயம் தெரியும். அம்மாவா மனைவியா என்ற கேள்விக்கு நாங்கள் 'கடைக்குப் போய்ட்டு வரேன்' என்போம்.

நாம் மட்டும் யோக்கியமா? "கல்யாணத்துக்கு எவ்வளவு பேர் வந்தாங்க?" என்று கேட்காத வாய் உண்டா? பேர் எண்ணக்கூடியது, எத்தனை பேர் என்றுதான் கேட்க வேண்டும். ஆனால் பந்தி பந்தியாகக் கூட்டம் சேர்ந்தால் ஆளும் மாவு மாதிரி ஆகிவிடுகிறான் போலிருக்கிறது.

மாவு என்றதும் ஒன்று. டேவிட் லூயிஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி ஒரு கற்பனை யந்திரத்தைச் சொன்னாராம். 1975-லிருந்து மொழியியல்காரர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதைப் போட்டாலும் அரைத்துக் கூழாக்கித் தரும் கிரைண்டர். எண்ணக்கூடிய எந்தப் பொருளும் அதற்குள் போனால் எண்ண முடியாததாக வெளியே வரும்; மெனி உள்ளே, மச் வெளியே. இதைக் கற்பனை பண்ணுவதற்கு ஒரு தத்துவவாதி வேண்டியிருந்திருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர்கள் அதைச் செய்து, புவிசார் குறியீடும் வாங்கி, நம் அடுக்களை மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஓட்டலில் சர்வர் இதற்கு நேர் எதிர் யந்திரம். காபி எண்ண முடியாதது. "ரெண்டு காபி, ஒண்ணு சர்க்கரை கம்மி" என்று அவர் கத்தியவுடன் எண்ணக்கூடியதாக டபராவில் வந்து உட்காருகிறது. இங்கிலீஷ்காரனும் இங்கே 'டூ காஃபீஸ்' என்று அடங்கிப்போகிறான்.

சனிக்கிழமை 10.35-க்கே போய் நின்றுவிட்டேன். ஒரு முடிவோடு போயிருந்தேன்: எதற்கும் 'எ லாட் ஆஃப்' மட்டுமே பேசுவது. நம் 'நிறைய' மாதிரி அது. எண்ணினாலும் ஒத்துக்கொள்ளும், எண்ணாவிட்டாலும் ஒத்துக்கொள்ளும். ஆனால் டீச்சர் தமிழில் ஆரம்பித்துவிட்டார். என் மகள் வயதுக்கு அக்கா மாதிரி இருந்தார்.

"ஃபர்னிச்சர்னா தட்டுமுட்டுச் சாமான்னு வச்சுக்கங்க சார். 'எங்க வீட்ல அஞ்சு தட்டுமுட்டு இருக்கு'ன்னு சொல்வீங்களா?"

"மாட்டேன் மேடம்."

"லக்கேஜ்னா மூட்டைமுடிச்சு. நாலு மூட்டை சரி. நாலு மூட்டைமுடிச்சுன்னு யாராவது சொல்றாங்களா?"

வாயடைத்து நின்றேன். நூறு பக்கம் ரென் சொல்லாததை ஒரு மூட்டைமுடிச்சு சொல்லிவிட்டது. "அப்ப அட்வைசஸ்?" என்று கேட்டேன்; டைரி ஞாபகம் உறுத்தியது.

"அது உங்க தப்பில்ல சார். 'பையனுக்கு நாலு புத்தி சொல்லுங்க'ன்னுதானே நாம சொல்வோம்? பிரெஞ்சுக்காரங்களும் எண்ணித்தான் சொல்வாங்க. இங்கிலீஷ்ல மட்டும் அட்வைஸ் தண்ணி மாதிரி. டம்ளர்ல ஊத்தித்தான் குடுக்கணும். எ பீஸ் ஆஃப் அட்வைஸ்."

மணி அடித்தது. 10.42. தேங்க்ஸ் எண்ணக்கூடியதா இல்லையா என்று யோசிக்க நேரமில்லை. "மெனி தேங்க்ஸ்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அது சரியாம். மாமனார் இரண்டு தடவை புரட்டிப் பார்த்து உறுதி செய்தார்.

சரியாகச் சொல்லிவிட்டவன் சும்மா இருப்பானா? அன்று ராத்திரி தட்டின் முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மாமனார், எதிரே மகள். மனைவி இட்லிப் பானையைத் திறந்து, ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்:

"எவ்வளவு இட்லி வைக்கட்டும்?"

"எவ்வளவு இல்லம்மா, எத்தனை. இட்லி கவுண்டபிள்."

மகள் சட்னியைப் பார்த்தாள். மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நாலு வைத்தாள். "இன்னும் ரெண்டு" என்றபோது பானைக்கு மூடி விழும் சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் தட்டைப் போட்டேன். ராத்திரி மீந்த இட்லி அத்தனையையும் உதிர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, வாணலி நிறைய இட்லி உப்புமா. ஒன்று, இரண்டு என்று சொல்வதற்கு ஒரு முழு இட்லிகூட அதில் மிச்சமில்லை.

"எவ்வளவு வைக்கட்டும்?" என்றாள். இந்தத் தடவை இலக்கணம் முழுக்க அவள் பக்கம்.

ராத்திரிப் பசி வேறு. "லிட்டில்" என்றேன். அவசரத்தில் 'எ' விட்டுப்போயிற்று.

ஒரு ஸ்பூன் விழுந்தது.